டேஷ்போர்டில் ஒட்டிய அம்புகள்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை ஜீப் மலைக்கு வருகிறது. வேண்டாம் என்று நீ போனில் மூன்று முறை சொன்னாய். மூன்று முறையும் காது கொடுத்துக் கேட்டேன். இருந்தாலும் வருகிறது.

போன வாரம் நீ சொன்ன பசுவிலிருந்துதான் இது தொடங்கியது. கன்று ஈன முடியாமல் கிடக்கிறது என்று காலை ஏழு மணிக்கு ஆள் வந்து உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஒன்பது கிலோமீட்டர் மண் பாதை. பால் வேன் வரும்வரை காத்திருந்து, அது இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடந்து நீ போய்ச் சேர்ந்தாய். பசு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை. இரண்டு மணி நேரம் முன்னால் போயிருந்தால், என்று சொல்லி நிறுத்தினாய். "நம்ம ஜீப்ப எடுத்துக்க கண்ணு" என்றேன். "நான் ஓட்ட மாட்டேன்னு உனக்குத் தெரியுமில்லம்மா" என்றாய். தெரியும். ஆறு வருடமாகத் தெரியும். பையில் லைசென்ஸ் வைத்திருக்கும் மாட்டு டாக்டர் பால் வேனுக்குக் கை காட்டி நிற்கிறார். ஏன் என்பதற்கு நம் ஊர் வேலம்பாளையத்தில் எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. உன்னிடமும் அதே காரணம்தான். அது பொய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. முதலில் வண்டியைப் பற்றி எழுதிவிடுகிறேன். மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை பவர் கட். பனியனில் குறை பார்க்கும் நம் செக்கிங் ஹாலில் டியூப் லைட் எல்லாம் அணைந்துவிட்டது. முப்பது பெண்களும் வாசலில் உட்கார்ந்து ஒரே செல்போனில் பாட்டுக் கேட்கிறார்கள். நான் ஒரு பேக்கிங் லிஸ்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் குழந்தைகளின் இரவு உடுப்பு, மூன்று அளவு, நான்கு நிறம் என்று இருக்கும். அதைப் படிக்காதே.

சாவியைப் பாதி திருப்பினால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரியும். பயப்படாதே. எரிய வேண்டும். அது வண்டி தன் விளக்குகளைத் தானே எண்ணிக் காட்டுகிற நேரம். அந்த நேரத்தில் எரியாத விளக்குதான் கவலை. அதில் சுருண்ட கம்பி மாதிரி மஞ்சளாக ஒன்று எரியும். என்ஜினுக்குள் கம்பி சூடாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். உன் அப்பா அது அணையும்வரை காத்திருந்ததாகச் சரித்திரம் இல்லை. மலைக் குளிரில் ஒரு முறை போதாது. அணைந்ததும் சாவியைப் பின்னுக்குத் தள்ளி இன்னொரு முறை சூடேற்று. அப்படியும் வெள்ளைப் புகை கக்கும். பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டிருந்தால் முன்னாலேயே சொல்லிவிடு.

பேட்டரி விளக்கு, ஹாரன் அடிக்கும்போது மட்டும் லேசாக மினுக்கினால் அது வயது. விட்டுவிடு. நிலையாக எரிந்து, கூடவே சூடு காட்டும் முள்ளும் ஏறினால் பேன் பெல்ட் அறுந்துவிட்டது. நிறுத்து. நான் ஒரு முறை நிறுத்தியதோடு விடாமல் யோசித்தேன். டிக்கியில் கால்சட்டை இடுப்புக்குத் தைக்கும் எலாஸ்டிக் ஒரு ரோல் இருந்தது. ஆறு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். நம் தெருமுனை வரை வந்தது. அதன் பிறகு எலாஸ்டிக் மட்டும் முன்னால் போனது. சீட்டுக்கு அடியில் புது பெல்ட் ஒன்று வைத்திருக்கிறேன். எலாஸ்டிக் வைக்கவில்லை. எண்ணெய்ச் சொட்டு படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் யோசிக்கக்கூட நேரமில்லை. அந்த இடத்திலேயே என்ஜினை அணை. வீடு வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிற வண்டியில் வீட்டில் பார்ப்பதற்கு என்ஜின் இருக்காது.

இந்த வண்டிக்கு இரண்டு கம்பி. நீண்டது கியர். பக்கத்தில் இருக்கும் குட்டைக் கம்பி, முன்சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுப்பது. அதைப் போட்டால் பச்சை விளக்கு எரியும். அது சேற்றுக்கு, மணலுக்கு, ஈரப் புல்லுக்கு. தார் ரோட்டுக்கு அல்ல. இது தெரியாமல் உன் அப்பா வண்டி வாங்கிய நாளிலிருந்து எட்டு மாதம் பச்சை விளக்கோடு திருப்பூரைச் சுற்றினார். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பும்போது ஸ்டியரிங் கல்லாகும். வண்டி ஆடு மாதிரி குதிக்கும். உள்ளே இருக்கிற நாங்களும் குதிப்போம். மெக்கானிக் மயில்சாமி டயரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்ணா, தார் ரோட்டுல எதுக்குங்ணா நாலு வீலும்?"

"காசு நாலுக்குத்தான குடுத்தோம் மயிலு?"

"ஊட்டுல ஆறு பேன் இருக்குதுன்னு ஆறயும் போட்டுட்டு அடியில படுப்பீங்ளாங்ணா?"

திரும்பும்போது முன்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், பின்சக்கரம் குறைவாக. சேற்றில் கொஞ்சம் வழுக்கி இரண்டும் ஒத்துப்போகும். தார் ரோடு வழுக்க விடாது. முறுக்கு முழுவதும் உள்ளே பல்லுச்சக்கரத்தில் ஏறி நிற்கும். அப்புறம் கம்பியை எடுத்தாலும் வராது. வந்தாலும் பச்சை விளக்கு அணையாது. முரட்டுத்தனமாக இழுக்காதே. பத்தடி நேராக ரிவர்ஸ் எடு. முறுக்கு அவிழ்ந்து, கம்பி தானாக இளகும். நல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அப்பாவுக்குப் பத்தடி போதவில்லை. மண்டபம் வரை ரிவர்ஸிலேயே போனார். வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பெண்கள் எங்கள் முதுகுக்குத் தெளித்தார்கள்.

கியர் பெட்டிக்குப் பின்னால் சின்னதாக இன்னொரு பெட்டி இருக்கிறது. இரண்டு சக்கரமா நான்கா என்று பிரித்துக் கொடுப்பது அதுதான். நாற்பதைத் தாண்டினால் அது 'ஊ' என்று முனகும். அதுவும் உன் அப்பா செய்தது. ஒரு முறை அதில் எண்ணெய் குறைந்திருந்தது. பக்கத்து நிட்டிங் யூனிட்டில் ஊசி எண்ணெய் ஒரு கேன் வாங்கி வந்து ஊற்றிவிட்டார். தண்ணீர் மாதிரி இருக்கும். துணி பின்னுகிற ஊசிக்குப் போடுவது. "துணில கறையே படாதாம் மயிலு" என்று பெருமையாகச் சொன்னார். மயில்சாமி வெகுநேரம் அந்தக் கேனையே பார்த்தார். "அண்ணா, உள்ள இருக்கறது பல்லுச்சக்கரமுங். பனியன் இல்லீங்." அன்றிலிருந்து முனகல். பயப்பட வேண்டாம். முனகல் உறுமலாக மாறினால் மட்டும் பயப்படு.

உன் அப்பாவைப் பற்றி இவ்வளவு சிரித்தாயிற்று. எழுதும்போது எனக்கே சுகமாக இருந்தது. இன்னும் இரண்டு மூன்று இருக்கிறது. ஆனால் மணி மூன்றாகிவிட்டது.

எங்கள் செக்கிங் டேபிளில் ஒரு முறை இருக்கிறது. நீ பார்த்து வளர்ந்ததுதான். பனியனில் ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்டதோ கண்ணில் பட்டால், கண்டுபிடித்தவள் அதில் கை வைக்கக் கூடாது. சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, முனை அந்தக் குறையைத் தொடுகிற மாதிரி ஒட்டி, திருத்த வேண்டியவை போகிற ஆல்ட்டர் கூடையில் போட்டுவிட வேண்டும். சரிசெய்வது வேறொருத்தியின் வேலை. சரிசெய்தவள்தான் அம்பை உரிப்பாள். பதினேழு வருடமாக என் கை இதைச் செய்கிறது. குறை தெரிந்தது, அம்பு ஒட்டியது, மனசு அடுத்த பனியனுக்குப் போனது. ஒட்டிய நொடியிலேயே அந்தக் குறை எனக்குத் தீர்ந்துபோகும். இது நல்ல முறை. கூடை இருக்கிற இடத்தில்.

அந்தக் கையோடுதான் ஜீப் ஓட்டினேன். வைப்பர் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. அம்பு. கடிகாரம் நின்றுவிட்டது. அம்பு. டேஷ்போர்டில் சாமான் வைக்கும் அறையின் கதவு மூடவில்லை. அம்பு. மொத்தம் ஏழு. செக்கிங் சூப்பர்வைசர் ஸ்டெல்லா ஒரு நாள் முன் சீட்டில் ஏறிவிட்டு இறங்கவே இல்லை, அப்படிச் சிரித்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. "யக்கா, வண்டிக்கும் ஆல்ட்டர் போட்டுட்டியளா? இத எந்தக் கூடையில தூக்கிப் போடுவிய?" நானும் சிரித்தேன். கேள்வி காதில் விழவில்லை.

ஏழாவது அம்பு பிரேக் விளக்கு. வளைவில் திரும்பும்போது மட்டும் ஒரு நொடி சிவப்பாக மினுக்கி அணையும். பிரேக் ஆயில் குறையும்போது அப்படித்தான் ஆகும். வண்டி சாயும்போது டப்பாவில் மிச்சமிருக்கும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், விளக்கு மினுக்கும். எனக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் அம்பு ஒட்டினேன். அந்த விளக்கு சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. முனை குறையைத் தொட வேண்டும் என்ற ஒழுங்கில் ஒட்டியதில் அம்பு முழு விளக்கையும் மூடிவிட்டது. அதன் பிறகு அது மினுக்கியதை நான் பார்க்கவில்லை. பார்க்காததால் சரியாகிவிட்ட மாதிரி இருந்தது. இப்படி மூன்று வாரம்.

நீ காலேஜ் முதல் வருட விடுமுறைக்கு வந்திருந்தாய். லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் கன்டெய்னர் நிற்கிறது, நாற்பது பெட்டி உடனே போக வேண்டும். அப்பா ஊரில் இல்லை. நான்தான் சாவியைக் கொடுத்தேன். நீ சீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டைப் பார்த்து, ஒன்றைத் தொட்டுக் கேட்டாய்.

"ஏம்மா, இது எதுக்கு ஒட்டியிருக்க?"

"அத நா பாத்துக்கறேன். நீ கெளம்பு."

கண்ணு, நீ தொட்டது ஏழாவது அம்பு.

மீதியை எல்லோரும் நூறு முறை சொல்லிவிட்டார்கள். கம்பெனி கேட்டுக்கு முன்னால் இருக்கும் இறக்கம். ஜீப் கேட்டுக்குள் பறந்து போனது. வெட்டுத்துணி வேஸ்ட் மலையாகக் குவித்திருந்த குடோனுக்குள் புகுந்தது. நீ கதவைத் திறந்து வெளியே வந்தபோது கழுத்தில் இளஞ்சிவப்பு ரிப் துணி மாலை மாதிரி தொங்கியது. வாட்ச்மேன் ஓடி வந்தார். அடிபட்டதா என்று கேட்க வருகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் நோட்டை நீட்டினார். "டெலிவரி சலான் எங்கீங் தம்பி?" பெட்டி ஒன்றுகூட நசுங்கவில்லை. கன்டெய்னர் நேரத்துக்குப் போனது. பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். நீ, "இல்லீங், பிரேக்கத்தான் மிதிச்சேன்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது முறை சொன்னாய். மூன்றாவது முறை சொல்லவில்லை.

நான் மொபெட்டில் வந்து சேர்ந்தபோது அந்தக் கூட்டம் உன்னைச் சுற்றி நின்றது. நான் உன்னிடம் வரவில்லை. முதலில் ஜீப்பிடம் போனேன். கதவைத் திறந்து அந்த ஏழாவது அம்பை உரித்தேன். விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு அப்புறம்தான் உன் பக்கம் வந்தேன். "பாத்து ஓட்டக் கூடாதா கண்ணு?" என்றேன். அந்த வாக்கியத்தை ஆறு வருடமாகத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். அதில் ஒட்டுவதற்கு என்னிடம் இருக்கிற அம்பு போதாது.

மறுநாள் மயில்சாமி பானெட்டைத் திறந்தார். "பிரேக் ஆயில் டப்பா காலியா இருக்குதுங்க்கா. சொட்டு இல்லீங்." நான் சொன்னேன், "இடிச்சதுல டியூப் கிழிஞ்சிருக்கும் மயிலு." அவர் ஒரு கீறல்கூட இல்லாத பம்பரைப் பார்த்தார். பம்பரில் தொங்கிய துணித் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இருக்குமுங்க்கா" என்றார். இந்த ஊர்க்காரர்களின் மரியாதை சில சமயம் அடியைவிட வலிக்கும்.

ஏன் சொல்லவில்லை? பத்தொன்பது வயதுப் பையனின் தவறு ஒரு வாரத்தில் மறந்துபோகும் என்று நினைத்தேன். ஊரான் துணியில் ஊசி முனை அளவு ஓட்டையைக் கண்டுபிடிப்பவள் என்று பெயர் எடுத்தவள், தன் வண்டியில் பிரேக் விளக்கை மூடி வைத்தாள் என்றால் அதை ஊர் மறக்காது என்று பயந்தேன். இரண்டாவது நடந்திருக்குமா என்று எனக்கு இன்றும் தெரியாது. முதலாவது நடக்கவில்லை. உன் அப்பாவே மறக்க விடவில்லை. நீ சைக்கிள் எடுத்தால்கூட, "கால எங்க வெக்கறோம்னு பாத்து வெய்யி சாமி" என்பார். நீயும் சிரிப்பாய். சிரித்துக்கொண்டே சாவியை ஆணியில் மாட்டினாய். பிறகு அந்த ஆணிப் பக்கம் போகவில்லை. சரி, மறந்துவிட்டான் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டேன்.

பசுவைப் பற்றி நீ சொன்ன மறுநாள் ஜீப்பை மயில்சாமியிடம் விட்டேன். பிரேக் குழாய், வாஷர், ஆயில் எல்லாம் புதிதாகப் போட வேண்டும், பையனுக்குப் போகிறது என்றேன். "போட்டுர்லாமுங்க்கா. என்னென்ன பாக்கோணும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க" என்றார். சாவியை வாங்கிக்கொண்டார். "ஸ்டிக்கர் மட்டும் வேண்டாமுங்."

"அன்னிக்கே தெரியுமா மயிலு?"

"பசை இருந்துச்சுங்க்கா, லைட்டு மேல. ஊட்டு விசயம். நா எதுக்குங் சொல்றது?"

அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, "அப்ப ஆறு வருசமா தப்பே பண்ணாத பையனயா நா கேலி பண்ணிட்டு இருந்தேன்? ஏம்புள்ள, என்னைய எதுக்குச் சிரிக்க உட்ட?" என்றார். நேற்று அவர் உனக்குப் போன் செய்து வானிலை மட்டும் விசாரித்தாராமே. மன்னிப்புக் கேட்கத்தான் செய்தார். வானிலை வரைதான் வர முடிந்தது.

பிரேக்கைப் பற்றி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். சாவி திருப்பியதும் அந்தச் சிவப்பு எரிய வேண்டும், ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் அணைய வேண்டும். வளைவில் மினுக்கினால் அன்றைக்கே ஆயில் பார். இறக்கத்தில் பிரேக்கை நம்பாதே. எந்த கியரில் ஏறினாயோ அதிலேயே இறங்கு. மண் பாதையில் செங்குத்தாக இருந்தால் குட்டைக் கம்பியை, வண்டி மெதுவாக இழுக்கும் 'லோ'வில் போட்டு இரண்டாவது கியர். காலை எடுத்துவிடு, என்ஜினே பிடித்துக்கொள்ளும். மிதி பள்ளமாகப் போனால் விட்டு விட்டு மிதி, கியரைக் குறை, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழு. அதுவும் பிடிக்கவில்லை என்றால் மெத்தென்று இருக்கும் எதையாவது பார்த்துத் திருப்பு.

அதை நீ செய்தாய். யாரும் சொல்லித் தராமல். நான் பின்னால் அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தேன், ஒரு முறை அல்ல. கேட்டுக்குள் வலது பக்கம் லாரி. நேராக, குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள். இடது பக்கம் குடோன் வாசல், ஜீப்பைவிட இரண்டு முழம்தான் அகலம். பிரேக் இல்லாத வண்டியை நாற்பது பெட்டியோடு அந்த வாசலுக்குள் நீ நுழைத்திருக்கிறாய். கண்ணாடிகூட உரசவில்லை. உன் அப்பாவாக இருந்தால் லாரி. நானாக இருந்தால், எழுத வேண்டாம்.

உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் சிரித்தது தனியாக இல்லை. அதனால் இதை நகல் எடுக்கிறேன். ஒன்று செக்கிங் ஹாலில், பவர் கட் நேரம் ஒட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். சத்தமாகப் படித்துக் காட்டும் வேலையை ஸ்டெல்லாவே கேட்டு வாங்கிக்கொண்டாள். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறாள். ஒன்று கம்பெனி வாட்ச்மேனுக்கு. சலான் இல்லாமல் வாங்க மாட்டேன் என்றால் சலானும் போட்டுத் தருவேன்.

திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. நானே ஓட்டி வருகிறேன். மயில்சாமியைத் துணைக்குக் கூப்பிட்டேன், "மலையேறுனா எனக்கு வாந்தி வருமுங்க்கா" என்கிறார். மதியத்துக்குள் உன் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவேன். சாப்பாடு கொண்டு வருகிறேன். என்னைத் திட்ட வேண்டியதைச் சாப்பிட்ட பிறகு திட்டு. மன்னிக்க வேண்டும் என்று இதில் எங்கும் எழுதவில்லை. அது உன் விருப்பம்.

திங்கள் காலை எட்டு மணிக்கு சரக்கை வாங்கும் பையரின் ஆள் அதைப் பார்க்க வருகிறார். நான் இங்கே இருந்தாக வேண்டும். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலத்துக்கு ஞாயிறு கடைசி பஸ் நாலரை மணிக்கு என்று விசாரித்துவிட்டேன். உன் வீட்டிலிருந்து தாளவாடி பஸ் ஸ்டாண்டு பதினோரு கிலோமீட்டர். ஜீப்பை உன்னிடமே விட்டுவிட்டு வருகிறேன், அதனால் எனக்கு வேறு வண்டி இல்லை. நடக்க முடியாது, முட்டி வலி. மூன்றரை மணிக்கு நான் ஜீப்பில் இடது பக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன்.

அம்மா